நானும் முருகேசனும் விழுந்த குதிரை

நான் வாழ்க்கையில் குதிரை ஏறியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், ஒக்லண்டில் ஒரு கல்வி நிலையத்தின் அலமாரியில், நான் ஒன்பது வயதில் தாத்தாவின் பண்ணையில் 'பிஸ்கட்' என்ற குதிரையிலிருந்து விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டதாக என் கையெழுத்தில் ஒரு வாக்குமூலம் இருக்கிறது. என் தாத்தாவிடம் இருந்தது ஒரு சைக்கிள். அதையும் அவர் எங்களைத் தொடவிட்டதில்லை.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் நிறைய வாசிப்பேன். வாசிப்பவனிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை என்பதால் முப்பது வருடம் வெளியாட்கள் ஒருவருக்கும் சந்தேகம் வராமல் ஓட்டிவிட்டேன். முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை. (குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஒரே கதையை முதல் தடவை கேட்பதுபோல் நாலாம் தடவையும் கேட்பது.) நாற்பத்தைந்தாவது வயதில், அங்கே இருந்த தலைமைத் தாதி ஒருநாள், "நீ ஏன் நேர்ஸிங் படிக்கக் கூடாது?" என்று கேட்டுவிட்டார். மரியாதைக்குக் கேட்டிருக்கலாம். நான் அதை வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி சுமதி அதை நாங்கள் குடியிருக்கும் மவுண்ட் ரோஸ்கில் முழுக்கச் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஒருவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டி என்னிடம் மூட்டுவலிக்கு மருந்து கேட்டார். அதற்குப் பிறகு பின்வாங்க வழியில்லை.

தாதியர் டிப்ளோமாவுக்கு இடம் தருகிறோம் என்றார்கள். ஒரே நிபந்தனை: பள்ளியை முடிக்காத பெரியவர்களுக்கென்று நடத்தப்படும் அடிப்படைச் சான்றிதழை முதலில் பெற வேண்டும். நான்கு பாடங்கள். மூன்றில் தேறிவிட்டேன். மிஞ்சியது ஆங்கில எழுத்து. அதைக் கோட்டைவிட்டால் டிப்ளோமாவும் இல்லை, கோயிலுக்குப் போக முகமும் இல்லை.

அந்தப் பாடத்தை எடுத்தவர் ஹெலன். அறுபது வயது இருக்கும். மேசைமேல் ஏறி உட்கார்ந்துதான் படிப்பிப்பார். பாதி நாட்கள் காலில் செருப்பும் இருக்காது. அவர் உள்ளே வரும்போது எழுந்து நிற்பவர்கள் வகுப்பில் இரண்டே பேர், நானும் முருகேசனும். முதல் நாள் அவர் பதறிப்போய், "உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டார்.

முருகேசன் விருதுநகர்க்காரன். வீடு ஒக்லண்டின் மாசி என்ற புறநகரில். மனைவியின் விசாவில் வந்து கூரியர் வான் ஓட்டுகிறான். ப்ளஸ் ஒன் பாதியில் படிப்பை விட்டுவிட்டு மாமாவின் கடையில் உட்கார்ந்தவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். நான் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய ஒரே மனிதன் இந்த நாட்டில் அவன்தான். அந்த நம்பிக்கையை நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஹெலன் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பழைய மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரை. தலைப்பு 'நான் எதிர்கொண்ட ஒரு சவால்'. நாட்டின் தென்கோடியில் சவுத்லண்டில் தாத்தாவின் பண்ணை, பிஸ்கட் என்ற குதிரை, ஒரு விழுகை, முறிந்த தோள் எலும்பு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "எழும்பு கண்ணே, மறுபடியும் ஏறு" என்று கத்திய பாட்டி. கடைசிப் பந்தியில் ஒரு படிப்பினை. மேலே கொட்டை எழுத்தில் மிகச் சிறந்த தரம் என்று போட்டிருந்தது.

"தேர்விலும் இதே தலைப்புத்தான் வரும்" என்றார் ஹெலன். அதற்குப் பிறகும் ஏதோ ஐந்து நிமிடம் பேசினார். அது என் காதில் ஏறவில்லை.

முருகேசன் பக்கத்தில் குனிந்தான். "என்னண்ணே இவங்க, கேள்வியையும் குடுத்து, பதிலையும் குடுத்துட்டாங்க?"

"நல்ல மனுசி" என்றேன்.

"அப்ப அப்படியே தட்டிரலாமாண்ணே?"

"ஒரு சொல் பிசகக் கூடாது" என்றேன், முப்பது வருட அனுபவசாலியைப் போல.

மூன்று வாரமும் உழைத்தேன். குளிக்கும்போது சொன்னேன். நெடுஞ்சாலையில் கார் நகராமல் நின்றபோது சொன்னேன். இல்லத்தில் படுக்கை விரிக்கும்போது சொன்னேன். (தொண்ணூற்றொரு வயது மூதாட்டி ஒருவர் என் தோளைத் தடவி, "இப்போது வலிக்கிறதா?" என்று கேட்டார்.) பதினாறு வயது மகள் ஆரணி ஒருநாள் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"அப்பா, வை ஆர் யூ மெமரைசிங் சம்படி எல்ஸஸ் லைஃப்?"

"இது ரீச்சர் தந்தது பிள்ளை."

"இட்ஸ் ஜஸ்ட் ஆன் எக்சாம்பிள்!"

"ஓம், அதைத்தான் நானும் சொல்லுறன்."

அவள் தாயிடம் போய் என்னவோ சொன்னாள். தாய், "படிக்கிற மனுசனைக் குழப்பாதை" என்றாள். என் வாழ்க்கையில் சுமதி எனக்குச் சார்பாகப் பேசிய சொற்ப சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று. அது தவறான சந்தர்ப்பமாகப் போனது.

தேர்வு நாளன்று முருகேசனை ஒரு சுவரோரமும் என்னை எதிர்ச் சுவரோரமும் உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரத் தேர்வு. இருபத்தைந்தாம் நிமிடத்தில் நான் பேனாவை மூடினேன். நிமிர்ந்து பார்த்தால் அவனும் மூடிக்கொண்டிருந்தான். மற்றவர்களெல்லாம் தலையைச் சொறிந்து, கூரையைப் பார்த்து, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். பாவம், மூன்று வாரம் இருந்தும் படிக்கவில்லையே என்று பரிதாபப்பட்டேன்.

ஐந்தாம் நாள் மின்னஞ்சல் வந்தது. எங்கள் இருவருடைய விடைகள் தொடர்பாக ஒரு விசாரணை. குற்றம் உறுதியானால் பாடம் ரத்து. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்.

முருகேசன் போனில் அழாக்குறையாகக் கேட்டான். "அண்ணே, நாமதான் காப்பியே அடிக்கலையே?"

"அதைத்தான் சொல்லப் போறம். பயப்பிடாதை."

"நீங்க சொன்னா சரிண்ணே."

அவனுடைய மனைவிக்கு அன்று வேலை. எனவே எங்கள் இருவருக்கும் சேர்த்துத் துணை, சுமதி. சேலை உடுத்திக்கொண்டு, ஒரு பெட்டி நிறைய பற்றிஸ் பலகாரம் பொரித்துக் கொண்டு வந்தாள். "விசாரணைக்கு ஆரும் பற்றிஸ் கொண்டு போவினமே?" என்றேன். "வெறுங்கையோட போறதே?" என்றாள்.

அறையில் ஹெலனும், பகுதித் தலைவர் கிரெக்கும் இருந்தார்கள். கிரெக் அரைக்காற்சட்டையில் இருந்தார். முகம் மட்டும் நீதிபதியுடையது. சுமதி பெட்டியைத் திறந்து நீட்டினாள். ஹெலன் இரண்டு எடுத்தார். கிரெக், விசாரணை முடியும்வரை தான் எதையும் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று கையை மார்பில் வைத்து மறுத்தார். "ஆளுக்குக் கொலஸ்ட்ரோல் ஆக்கும்" என்றாள் சுமதி என்னிடம், மெதுவாக.

கிரெக் இரண்டு விடைத்தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்தார். "நீங்கள் சவுத்லண்டில் வளர்ந்தவரா?"

"இல்லை. யாழ்ப்பாணம்."

"நீங்கள்?"

"விருதுநகர், சார்."

"ஆனால் இருவரும் சவுத்லண்டில், ஒரே பண்ணையில், ஒரே குதிரையிலிருந்து விழுந்திருக்கிறீர்கள்."

"ஒரே நாள் இல்ல, சார்" என்றான் முருகேசன்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பயல் என்னிடம் சொல்லாமல் ஒன்பது வயதைப் பத்து ஆக்கியிருக்கிறான். "ஒரு சேஃப்டிக்குண்ணே" என்று காதில் கிசுகிசுத்தான். கிரெக் எங்கள் பிறந்த ஆண்டுகளைப் பார்த்தார். மனதுக்குள் கணக்குப் போட்டார். "அப்படியென்றால், பிஸ்கட் உங்களைத் தள்ளி விழுத்தி, பதினொரு வருடம் கழித்து இவரைத் தள்ளியிருக்கிறது. பாட்டி அவ்வளவு காலமும் அதே வேலியருகே நின்றிருக்கிறார்."

ஹெலன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

"இரண்டு பேரும் எதிரெதிர்ச் சுவரோரம் இருந்தீர்கள். ஹெலன் தந்த தாளை ஒளித்துவைத்தா பார்த்து எழுதினீர்கள்?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. பார்த்து எழுதுவது எங்கள் ஊரில் திருட்டு. மனப்பாடம் செய்து எழுதுவது திறமை. ஒரு மனிதனின் மூன்று வாரத் திறமையைத் திருட்டு என்றால்? எழுந்து நின்றேன். (முருகேசனும் எழுந்து நின்றான்.)

"ஐயா, நாங்கள் பார்த்து எழுதவில்லை, மனப்பாடம் செய்து எழுதினோம். எங்கள் பள்ளிக்கூடத்தில் 'நான் ஒரு குடை' என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள். நான் எழுதியிருக்கிறேன். குடையாக நான் பட்ட துன்பத்துக்கு இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளி. சைக்கிளாக இருந்திருக்கிறேன். பத்து ரூபாய்த் தாளாக இருந்திருக்கிறேன். நீ உண்மையில் குடையா என்று எந்த வாத்தியாரும் விசாரணை வைக்கவில்லை."

கிரெக் குறிப்பேட்டில் எதையோ எழுதத் தொடங்கி, எப்படி எழுதுவது என்று தெரியாமல் நிறுத்தினார்.

"நான் பழைய பத்து ரூபாயா இருந்திருக்கேன், சார்" என்றான் முருகேசன் ஆதரவாக.

"மனப்பாடம் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றார் கிரெக்.

இங்கேதான் எங்கள் துணை எழுந்தாள். "ஆதாரம் நான்" என்றாள். "மூன்று வாரம் இவர் குளியலறைக்குள் இருந்து சொல்ல, வெளியே நின்று இதைத்தான் கேட்டேன். எனக்கே பாடம்." சொன்னதோடு நிற்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் வரியிலிருந்து ஒப்புவிக்கத் தொடங்கினாள். தாத்தாவின் பண்ணை வந்தது. பிஸ்கட் வந்தது. விழும் இடத்தில் குரல் தாழ்ந்தது. பாட்டியின் வசனத்தைக் கையை நீட்டிக் கத்தியே சொன்னாள். கிரெக் என் விடைத்தாளில் விரலை வைத்து வரி வரியாகத் தொடர்ந்தார். நான் மூச்சு வாங்கும் இடங்களில்கூட அவள் மூச்சு வாங்கினாள். முடிந்ததும் ஹெலன் தன்னை மறந்து கைதட்டிவிட்டார்.

நாங்கள் பார்த்து எழுதவில்லை என்பது ஐயந்திரிபற நிரூபணமாயிற்று. அதில் ஒரு சொல்கூட எங்களுடையதில்லை என்பதும் அதே வேகத்தில் நிரூபணமாயிற்று.

கிரெக் கோப்பை மூடினார். "இவ்வளவு கடுமையாக உழைத்துச் செய்த ஒரு குற்றத்தை நான் பார்த்ததில்லை" என்றார். அடுத்த வாரம் மறுதேர்வு. தனித்தனி அறை. தலைப்பு அங்கேதான் தெரியும். இதிலும் தவறினால் டிப்ளோமா இடம் வேறொருவருக்கு. பிறகு, விசாரணை முடிந்ததால், அவர் மூன்று பற்றிஸ் எடுத்தார்.

மறுதேர்வின் தலைப்பு: 'நீங்கள் மாற்றிக்கொள்ள விரும்பும் ஒரு முடிவு'.

நான் ஏன் பள்ளியை விட்டேன் என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருந்தது. இடப்பெயர்வு, ஷெல் அடி, பள்ளிக்கூடம் தரைமட்டம், படிப்புப் போயிற்று. கலியாணம் பேசும்போது சுமதி வீட்டாருக்கும் அதைத்தான் சொன்னேன். அதை எழுதத் தொடங்கினேன். பேனா வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது வரியில் நின்றேன். எங்கே நிறுத்தினால் கேட்பவர் உச்சுக் கொட்டுவார் என்பது உட்பட எல்லாமே பாடமாக இருந்தது. இதுவும் பிஸ்கட்தான். ஷெல் விழுந்தது உண்மை. ஆனால் அது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அங்கே படித்தவர்களுடைய கதையை நான் முப்பது வருடமாக ஒப்புவித்துக்கொண்டிருந்தேன்.

வெட்டிவிட்டேன். பதினைந்து நிமிடம் வெறுமனே இருந்தேன். அந்த அறையின் சுவரில் எத்தனை ஆணி என்று இன்றும் சொல்வேன். பிறகு நடந்ததை எழுதினேன்.

இடம்பெயர்ந்து போன ஊரில் ஒரு பள்ளிக்கூடம் எங்களைச் சேர்த்துக்கொண்டது. பெயர் பதிய வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் நாற்பது பேர். பக்கத்துத் தென்னங்காணியில் கிரிக்கெட் நடந்தது. பின்னால் நின்றவனிடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு ஓவர் மட்டும் ஆடப் போனேன். முதல் பந்திலேயே அவுட். அந்த வெட்கத்தில் மாலைவரை பந்து பொறுக்கினேன். திரும்பி வந்தபோது பெயர் பதியும் மேசையை உள்ளே தூக்கிவிட்டார்கள். மறுநாளும் போனேன். தூரத்திலேயே நின்று வரிசையைப் பார்த்தேன். நீளமாக இருந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன். என் படிப்பை யாரும் குண்டு போட்டு அழிக்கவில்லை. வரிசை நீளமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் பிழைகள் மலிந்த ஒன்றரைப் பக்கம். இரண்டு நாள் கழித்து ஹெலன் கூப்பிட்டார். "இது உங்களுடையதுதானா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "இணையத்தில் ஒரு மணி நேரம் தேடினேன். எங்கும் கிடைக்கவில்லை."

"இதைப் போய் யார் இரவல் வாங்குவார்கள்?" என்றேன்.

தேறினேன். முருகேசனும் தேறினான், என்னைவிட இரண்டு தரம் மேலே. மாற்றிக்கொள்ள விரும்பும் முடிவாக அவன் எழுதியது: 'மூத்த நண்பர் ஒருவரின் ஆலோசனையைக் கேட்டது.'

விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சுமதி அடுப்படியில் நின்றபடியே இரண்டு முறை வாசித்தாள்.

"அப்ப அந்த ஷெல்?"

"விழுந்ததுதான்."

"எங்க?"

"பக்கத்து ஊரில."

"இருபது வருசமா நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்காகக் கவலைப்பட்டிருக்கிறன்." கறி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. "எத்தினை பேர் நிண்டவை?"

"நாப்பது."

"நாப்பது பேர்" என்றாள், ஆரணியைப் பார்த்து. "கொப்பர் நாப்பது பேருக்குப் பயந்து முப்பது வருசம் ஓடியிருக்கிறார்."

டிப்ளோமாவில் சேரும் நாள் தாயும் மகளும் கூடவே வந்தார்கள். மாணவர் அட்டைக்குப் படம் எடுக்க நீண்ட வரிசை. எல்லாம் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். சுமதி எனக்கு முன்னால் நின்றாள், ஆரணி பின்னால். "தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்றேன். சுமதி திரும்பாமலே கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து நீட்டினாள். "நிண்டு குடியுங்கோ."

இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறேன். விமான நிலையத்தில், கடையில், தடுப்பூசி போடும் இடத்தில், எங்கே வரிசை கண்டாலும் ஆரணி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டே, அப்பா, ஸ்டே" என்கிறாள். போன மாதம் கோயில் அன்னதானத்தில் நாலு பேருக்குப் பின்னால் நின்றேன். செருப்பு வைத்த இடத்தைப் பார்க்க ஒரு நிமிடம் விலகினேன். மண்டபத்தின் மறுகோடியில் குழம்பு வாளியோடு நின்ற முருகேசன் அங்கிருந்தே கத்தினான்:

"அண்ணி! அண்ணன் நைசா கழட்டிக்கிறாரு!"

முழு மண்டபமும் திரும்பிப் பார்த்தது. நான் என் இடத்துக்கு வந்து நின்றேன்.