அலுமாரியில் பாதுகாக்கப்பட்ட வாக்குமூலம்

பிரித்தானிய சாம்ராச்சியத்தில் நீதி வாடாமல் இருப்பதற்கு ஒரே காரணம், அதன் சாட்சியங்கள் வெயில் படாமல் பாதுகாக்கப்படுவதுதான். 1934ஆம் ஆண்டு, மட்டக்களப்பு வாவிக்கரைப் பொலிஸ் நிலையம் ஒன்றின் எழுத்தராக, இந்த மகத்தான பணியில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். வெளியிடாமல் இருப்பது எங்கள் தொழில் தர்மம்.

செட்டிபாளையத்து மீனவர் அழகரத்தினம், ஒரு போடியாரின், அதாவது பெருநிலக்காரரின், தோணியைத் திருடியதாகக் கைதானார். தோணி அவருடைய துறையில் கட்டிக் கிடந்தது.

"வாவியில தனிய மிதந்து வந்திச்சு ஐயா. ஆரும் தேடி வருவாங்க எண்டு புடிச்சுக் கட்டி வெச்சன்," என்றார்.

திருடர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று இன்ஸ்பெக்டர் கனகசிங்கம் விளக்கினார். திருடாதவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காத்தான்குடியிலிருந்து ஆயிஷா உம்மா வந்தார். வாவிக்கரைப் பன்புல்லில் பாய் இழைக்கிறவர்.

"பன் புடுங்கப் போனன் மகன். போடியார்ர பச்சைத் தோணி, கயிறு அறுந்து தெக்க போகுது. உள்ளுக்கு ஒரு மனிசரும் இல்ல."

வரி வரியாக எழுதிப் பெருவிரல் அடையாளமும் வாங்கினேன். இன்ஸ்பெக்டர் வாசித்தார்.

"அருமையான வாக்குமூலம் காணும்! அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டும்."

"எதிரிக்குக் காட்டத் தேவையில்லையா, ஐயா?"

கோட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றுதான் சொல்வோம்.

"பேரே எதிரி. எதிரிக்கிட்ட ஆரும் சுடுற துவக்கக் குடுப்பாங்களா?"

இவ்வளவு ஆழமான சட்ட விளக்கத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

வழக்கு நாளில் நீதவான் கேட்டார்: "வேறு சாட்சிகள் உண்டா?"

"குற்றத்தை நிரூபிக்க வேறு சாட்சி எவரும் இல்லை, கனம் நீதவான் அவர்களே."

இன்ஸ்பெக்டர் சொன்ன இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அழகரத்தினத்துக்குப் பிறக்டர் வைத்து வாதாட வசதியில்லை. ஆறு மாத மறியல்; அன்றே சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய மனைவி சீதேவி கோட்டு வாசலில் மயங்கி விழுந்தார். அது 'வழக்குடன் சம்பந்தமற்ற விடயம்'. ஆகவே நான் பதியவில்லை.

ஒரு மாதம் கழித்து ஆயிஷா உம்மா மறுபடியும் வந்தார்.

"என்ன மகன், என்னை எப்ப கோட்டுக்குக் கூப்பிடுற?"

"வழக்கு முடிஞ்சிது, உம்மா."

"அந்த மனிசன்?"

"மறியல்ல."

"அப்ப நான் சொன்னது?"

"பத்திரமா இருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நேரே சீதேவியைத் தேடிப் போனார். இருவருமாக நீதவான் முன்னால் போய் நின்றார்கள். நீதவான் வாக்குமூலத்தை வரவழைத்து வாசித்தார். இன்ஸ்பெக்டரையும் வரவழைத்தார்.

"இதை ஏன் மறைத்தீர்?"

"மறைக்கவில்லை. எதிரி கேட்கவில்லை."

"இருக்கிறது என்றே தெரியாத ஒன்றை அவர் எப்படிக் கேட்பார்?"

"அந்த அளவுக்குப் பாதுகாத்தோம், கனம் நீதவான் அவர்களே."

விடயம் மேல்நீதிமன்றம் போய், எழுபத்து மூன்றாம் நாள் அழகரத்தினம் விடுதலையானார். நேரே எங்கள் நிலையத்துக்கு வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நீங்கதானே ஐயா எழுதின? நீங்க எழுதாட்டி நான் இன்னும் உள்ளுக்குத்தான்."

இரு கையும் கூப்பி என்னைக் கும்பிட்டார். நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அலுமாரிச் சாவி அந்த எழுபத்து மூன்று நாளும் என் இடுப்பில்தான் தொங்கியது என்பதை மட்டும் அவருக்கு இன்றுவரை சொல்லவில்லை.