திருடனே தேடி வந்து வாங்கும் பீரோ

நான் தியேட்டருக்குப் போவது படம் பார்க்க இல்லை. படத்துக்கு முன்னால் போடுகிற உள்ளூர்க் கடை விளம்பரங்களைப் பார்க்க. படம் பின்னாலேயே வந்துவிடுகிறது, என்ன செய்வது, பொறுத்துக்கொள்கிறேன். வீட்டு அலமாரியில் தடித்தடியாக நாவல் அடுக்கி வைத்துக்கொண்டு, பாகூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற, ஐம்பதை நெருங்கும் மனிதன் இதை ஒப்புக்கொள்வது சுலபமில்லை. (என் மனைவி லூர்து எனக்கு முன்பே ஊர் பூராவும் சொல்லிவிட்டாள் என்பதால் கொஞ்சம் சுலபமாகிறது.)

அந்த விளம்பரங்களில் ஒரு குடும்பம் வரும். அப்பா, அம்மா, ஆண் ஒன்று, பெண் ஒன்று. நாலு பேரும் கைகோத்துக்கொண்டு புல்வெளியில் நடந்து வருவார்கள். வில்லியனூர் பக்கம் நாலு பேர் அகலத்துக்கு நாற்றங்கால்தான் உண்டு, புல்வெளி கிடையாது, இருந்தாலும் நடப்பார்கள். ஜவுளிக்கடைக்குள் நுழைந்ததும் காரணமே இல்லாமல் சிரிப்பார்கள். ஆஸ்பத்திரி விளம்பரத்தில் டாக்டர் நாற்காலியோடு சுழன்று திரும்புவார். மசாலாத் தூள் விளம்பரத்தில் குழம்பை விரலால் தொட்டு நக்கிய கணவன் கண் சொருகி மனைவியின் தோளில் சாய்வான். கடைசியில் முதலாளியே வெள்ளைச் சட்டையில் வந்து, உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கமாக, "வாங்க, வந்து பாருங்க" என்று கும்பிடுவார். "எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது" என்பது மூன்று முறை எதிரொலிக்கும்.

அந்த இடத்தில் நான் கை தட்டிவிடுவேன். நான் படித்த எந்த இலக்கியமும் என்னைப் பார்த்து இப்படிக் கை கூப்பியதில்லை. தனக்கு வேறு கிளை இல்லை என்பதை இவ்வளவு பெருமையாகச் சொல்கிற ஒருவனை எப்படி நேசிக்காமல் இருப்பது?

நேசித்ததோடு நிறுத்தியிருக்கலாம். என் மச்சான் சவரி கடை திறந்துவிட்டான்.

சவரி லூர்துவின் தம்பி. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலையில் இருந்தவன், அதை விட்டுவிட்டு மதகடிப்பட்டில் கட்டில், பீரோ விற்கிற கடை போட்டான். என் மாமனார் சின்னப்பன் மில்லில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கு ஊதாத தொழிலெல்லாம் அவருக்குத் தொழிலே இல்லை. "கம்பெனி வேலைய வுட்டுட்டு தகரம் விக்கிறான்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். கடை திறப்பு அன்று சர்ச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தபோதும் போகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக அந்தப் படியை மிதிக்கவில்லை.

"ஊர் சனமெல்லாம் வந்து வாங்கிட்டுப் போவுது மாமா" என்றான் சவரி ஒரு நாள். "எங்கப்பா மட்டும் விழுப்புரம் பஸ்சுல எங்கடைய தாண்டிதான் போறாரு. கடை வரும்போது தலைய அந்தாண்ட திருப்பிக்கிறாராம். கண்டக்டரே சொல்றான்."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டு ஒரு பீரோவின் மேல் இல்லாத தூசியை வெகுநேரம் துடைத்தான்.

எனக்குள் இருந்த விளம்பர ரசிகன் அங்கே எழுந்து நின்றான். பஸ்ஸில் தலையைத் திருப்பிக்கொள்ளலாம். தியேட்டரில் எங்கே திருப்புவது? எதிரில் சுவர் முழுக்கக் கடைப் பெயர். பெற்ற மனசு உருகாமல் என்ன செய்யும்? விளம்பரம் எடுக்கிறோம், மாமனாரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்கிறோம், மகன் பெயரை அவர் பார்க்கிறார் என்று சத்தியமே செய்துவிட்டேன். கதை, வசனம், இயக்கம், கதாநாயகன், எல்லாம் நான்தான்.

கதை இதுதான். ஒரு திருடன் (நான்) நள்ளிரவில் வீடு புகுந்து பீரோவை உடைக்கப் பார்க்கிறான். இழுக்கிறான், தொங்குகிறான், காலை முட்டுக் கொடுத்து மறுபடி இழுக்கிறான். கதவு அசையவில்லை. மனம் திருந்தி அழுகிறான். சத்தம் கேட்டு வருகிற வீட்டுக்காரி (லூர்து, கல்யாணப் பட்டுப் புடவையில், நள்ளிரவில் ஏன் பட்டு என்று கேட்கக் கூடாது) போலீசுக்குப் போன் போடாமல் திருடனுக்குக் கடை முகவரி சொல்கிறாள். அடுத்த காட்சியில் திருடன் கடையில் நின்று பீரோ வாங்குகிறான். சவரி கை கூப்புகிறான். "சவரி பீரோ. திருடனே தேடி வந்து வாங்கும் பீரோ." நாற்பது நொடி.

படம் பிடித்தவர் கல்யாண வீடியோக்காரர். புதிதாக ட்ரோன் வாங்கியிருந்ததால் அதைக் கடைக்குள்ளேயே பறக்கவிட்டார். அது மின்விசிறியில் மாட்டி ஒரு டிரெஸ்ஸிங் டேபிள் மேல் உட்கார்ந்தது. எனக்குக் கருப்பு வெள்ளைப் பட்டை போட்ட பனியன் சட்டை கொடுத்தார்கள். திருடர்கள் அதைத்தான் போடுவார்கள் என்பதில் எங்கள் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மாமனாரைச் சம்மதிக்க வைப்பது நான் நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

"எம்மாம் பெருசா போடுவாங்க மாப்ள?" என்று கேட்டார்.

"செவுரு அளவுக்கு மாமா."

கொஞ்ச நேரம் எதிர்ச் சுவரைக் கண்ணால் அளந்தார். "சரி, வரேன். ஒரு தபாதான்."

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, பிரியாணி முடிந்து, இரண்டரை மணி ஆட்டத்துக்கு வேன் பிடித்துக் கிளம்பினோம். சொந்தக்காரர்கள் பதினான்கு பேர். எங்கள் குடும்பத்தில் எந்தப் பயணமும் ஜெபமாலையோடுதான் தொடங்கும். மாமனார் முன்னால் சொல்ல, நாங்கள் பின்பாட்டு. வேன் ஓட்டியவரும் எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர் என்பதால், பக்தியில் வண்டி மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கியது. பாதி தூரம் போன பிறகு எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பட்டை பனியன் வீட்டில் இருக்கிறது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விளம்பரம் முடிந்து, இடைவேளைக்கு விளக்கு போட்டதும் சனம் திரும்பிப் பார்க்கும், அட இவர்தான் என்று ஒருவர் சொல்வார், நான் அடக்கமாகப் புன்னகைப்பேன் என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன். சட்டை இல்லாமல் எப்படி அடையாளம் தெரியும்? வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

"இன்னா, திருடன் துணிய மறந்துட்டானா?" என்றாள் லூர்து. சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறியதும் மாமனார் ஜெபமாலையை முதல் மணியிலிருந்து எடுத்தார்.

"பாதி சொல்லிட்டோமே மாமா" என்றேன்.

"அது போன பயணம். இது வேற பயணம்."

தியேட்டர் பால்கனிக்குள் நாங்கள் இருட்டில் தடவிக்கொண்டு நுழைந்தபோது திரையில் கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டிருந்தான். சவரி என்னைப் பார்த்தான். திரை வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

நான் விடுகிற ஆளில்லை. ஆபரேட்டர் அறைக்கு ஓடினேன். பல வருஷமாக விளம்பரத்துக்குக் கை தட்டுகிற ஒரே ஆசாமி என்கிற வகையில் ஆபரேட்டருக்கு என்னைத் தெரியும்.

"போட்டாச்சே சார். நல்லா வந்துது. நீங்க அழுவுற சீன்ல கீழ ஒரே சிரிப்பு."

"அது சோகக் காட்சி. இன்னொரு தபா போடுங்க. என் மாமனார் பாக்கல."

அவர் தலையைச் சொறிந்தார். "இடைவேளை கார்டு வுழுந்ததும், லைட் போடறதுக்கு முன்ன உட்டுடறேன். ஆனா சனம் நிக்காது சார். கார்டு வுழுந்தா எழுந்து ஓடிடும். கதவு தொறந்தா வெளிச்சம் வேற வந்துடும். ஒண்ணும் தெரியாது."

"சனத்த நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பால்கனிக்கு ஒரே வாசல். நாற்பது நொடி அதை மூடிப் பிடித்தால் போதும். நாற்பது நொடி ஒரு மனிதனால் எதைத்தான் பிடிக்க முடியாது? இடைவேளை வருகிற சமயத்தில் ஆபரேட்டரிடம் போய் இன்னொரு முறை நினைவூட்டிவிட்டு வந்து, கதவுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையாலும் பின்னால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன்.

கார்டு விழுந்தது. ஆபரேட்டர் சொன்னபடியே சனம் எழுந்து ஓடி வந்தது. திரையில் நான் ஜன்னல் ஏறிக் குதித்தேன்.

"ஒரே ஒரு நிமிஷம், எல்லாரும் திரையப் பாருங்க" என்று கெஞ்சினேன்.

"யோவ், வுடுயா. புள்ளைக்கு அவசரம்" என்றாள் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி.

"நாப்பது செகண்டும்மா."

"அதுக்கு எண்ணத் தெரியாதுயா."

அப்போதுதான் வெளியிலிருந்து கதவைத் தள்ளினார்கள். முதலில் மெதுவாக, பிறகு பலமாக. யாரோ அவசரக்காரன், பப்ஸ் வாங்கிக்கொண்டு முன்னாலேயே திரும்பிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து, காலை முட்டுக் கொடுத்து இறுக்கினேன். வெளியே ஏதோ குரல் கேட்டது. உள்ளே ஒலிபெருக்கியில் என் குரலே "ஐயோ, இந்தக் கதவு அசையலையே" என்று அலறிக்கொண்டிருந்ததால் மற்றது காதில் விழவில்லை. பேன்ட் பையில் போன் அதிர்ந்தது. விட்டுவிட்டு மூன்று முறை. சவரிதான், சந்தோஷம் தாங்காமல் கூப்பிடுகிறான் என்று கண் கலங்கியது. இரண்டு கையும் கதவில் இருந்ததால் எடுக்க முடியவில்லை.

யாரோ போன் விளக்கை என் மேல் அடித்தார்கள். திரையில் ஒரு பட்டை பனியன் ஒரு கதவைத் திறக்க முடியாமல் தவிக்கிறது. வாசலில் அதே பட்டை பனியன் ஒரு கதவை மூட முடியாமல் தவிக்கிறது.

"டேய், அந்தத் திருடன் இங்க நிக்கிறான்டா" என்றது ஒரு குரல்.

பால்கனி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு வாரம் நான் ஒத்திகை பார்த்த காட்சி இதுதான். புன்னகை மட்டும் வரவில்லை.

சவரி திரையில் கை கூப்பினான். விளக்கு எரிந்தது. கடமை முடிந்த நிம்மதியில் கதவை விட்டேன். வெளியே, கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி என் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்குச் சர்க்கரை. கூட்டம் வருவதற்கு முன்னால் போய்விட்டு வந்துவிடலாம் என்று, நான் ஆபரேட்டர் அறையில் இருந்த நேரத்தில் எழுந்து போயிருக்கிறார். சவரி அதைச் சொல்லத்தான் போன் போட்டிருக்கிறான்.

"உள்ள இன்னா மாப்ள சண்டை?" என்று கேட்டார். பிறகு என் சட்டையைப் பார்த்தார். "முடிஞ்சிடுச்சா?"

முடிந்திருந்தது. பால்கனியில் இருந்த அத்தனை பேரும், அவசரத்தில் நின்ற பிள்ளை உட்பட, சவரி பீரோவைப் பார்த்துவிட்டார்கள். பார்க்காதவர் அவர் ஒருவர்தான். தியேட்டர் மேனேஜர் வந்து என்னிடம் பேசியதை நான் இங்கே எழுதப் போவதில்லை. இரண்டாம் பாதி முழுக்க மாமனார் தூங்கினார். திரும்பி வரும்போது வேனில் மறுபடி முதல் மணியிலிருந்து ஜெபமாலை. சவரி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, தலையை அந்தாண்ட திருப்பியிருந்தான். அப்பா மாதிரியே இருந்தது.

"நாப்பது செகண்டு ஒருத்தர வெளிய வுடல நீங்க" என்றாள் லூர்து, வீட்டுக்கு வந்து. "உள்ளதான் வுட்டிருக்கணும்."

நான் அப்போதும் விடவில்லை. மறுநாளே மாமனார் வீட்டுக்குப் போய் விளம்பரத்தைப் போனில் போட்டுக் காட்டினேன். கையை நீட்டிப் பிடித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "செவுரு அளவுன்னு சொன்னியே" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் பால்கனியில் யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். அது ஒரே வாரத்தில் எங்கள் பங்கின் வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாமனாரை நாலு பேர் மறித்துக்கொண்டார்கள். உங்க மருமகன் கதவப் புடிக்கிறத பாத்தேன், உங்க புள்ள பீரோ அவ்ளோ கெட்டியாமே, நீங்க சொல்லுங்க, நிஜமா என்று. அவர் என்ன சொல்வார்? பார்த்தால்தானே?

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அலுவலகத்தில் சவரியின் போன் வந்தது. குசுகுசுவென்று பேசினான். "மாமா, அப்பா பஸ்ஸ வுட்டு எறங்கிட்டாரு. உள்ள வந்துட்டாரு. ஒவ்வொரு பீரோவா தொறந்து தொறந்து மூடறாரு."

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் பறந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மாமனார் விற்பனைக்கு வைத்திருந்த கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பத்திருபது பீரோவும் சோதனை முடிந்து நின்றன. சவரி கல்லாவுக்குப் பின்னால், பரீட்சைத் தாள் திருத்தக் கொடுத்துவிட்ட பையன் மாதிரி நின்றான்.

"எப்டிப்பா இருக்கு?" என்று கேட்டேவிட்டான்.

மாமனார் டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். டம்ளரை வைத்தார். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னார்:

"கதவெல்லாம் கெட்டியாத்தான் போட்டுக்கிற. ஆனா உங்க மாமா புடிச்ச கதவு அளவுக்கு இல்ல."