இறக்கச் சொன்ன பிக்கப்

இயேசு மரி சூசை

பிண்டாரா,
அக்டோபர், செவ்வாய்க்கிழமை.

பேரன்புக்குரிய தம்பி, மான்சிஞ்ஞோர் ஃபின்டன் அவர்களுக்கு,

உன் முழங்காலும் உன் ஜெப வாழ்வும் நல்ல நிலையில் இருக்கும் என்று நம்புகிறேன். முன்னதற்காக நான் தினமும் மன்றாடுகிறேன். பின்னது உன் பொறுப்பு. பிரிஸ்பேன் ஓய்வு இல்லத்துச் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று எழுதியிருந்தாய். குருவானவர் அதை ஒறுத்தல் முயற்சியாக எடுத்துக்கொள்ளலாம். நான் நலம். உன்னிடம் ஓர் உதவி வேண்டும். என்ன உதவி என்பதைக் கடைசியில்தான் சொல்வேன், ஏனென்றால் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பதில் எழுதும் பழக்கம் உனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு.

உன் அத்தான் டெஸ் காலமான பிறகு அவருடைய பழைய பிக்கப்பும் போய்ச் சேர்ந்ததும், நான் மின்சார பிக்கப் வாங்கியதும் உனக்குத் தெரியும். (ஊரில் எல்லோரும் அதை யூட் என்கிறார்கள். பிக்கப் என்று சொல்ல எனக்கு வாயும் நேரமும் இருக்கின்றன.) வண்டி நல்ல வண்டி, சத்தமே இல்லை. ஆனால் அடியில் பேட்டரி இருப்பதாலோ என்னவோ, டெஸ்ஸின் வண்டியைவிட அதன் தளம் நாலு விரல் உயரம். நான் ஏற வேண்டுமென்றால் சமையலறை முக்காலியைப் போட்டு, பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஜெபமாலை மாதா பவனியை எப்படிப் பொறுப்பது? முப்பத்தொரு வருஷமாக மாதா சுரூபம் நம் வீட்டு வண்டியில்தான் போகிறது. கன்னியர் மடத்து வாசலின் கல்வளைவுக்குக் கீழே டெஸ் ஓட்டிப் போகும்போது கிரீடத்துக்கும் கல்லுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கும். புது வண்டியில் மாதாவை ஏற்றினால் அந்த நாலு விரலும் போய், கிரீடம் கல்லில் உரசும். நானே நாடா பிடித்து அளந்தேன். மாதா நம் வண்டியில் போகவில்லையென்றால் யார் வண்டியில் போவாள்? கோரல் ஹான்ரஹனின் மகனுடைய டீசல் வண்டியில். ஒரு தடவை போனால் போனதுதான், ஃபின்டன். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அங்கேதான். டெஸ் விட்டுப்போன இடத்தைக் கோரல் ஹான்ரஹனுக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

ஆகவே நான் மெக்கானிக் கால் புரோஃபியின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய், "சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் இறக்கு" என்றேன். சிஸ்டர் இம்மாகுலாட்டா சொல்லிக்கொடுத்த உச்சரிப்பில், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே இடம் விட்டுச் சொன்னேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "சரிங்க மிஸஸ் குவில்ட்டி, நான் பாத்துக்கறேன், நீங்க கவலப்படாதீங்க" என்றான். அந்தக் குரலிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பவனிக்கு முதல் நாள் சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பார்த்தால் வண்டி ஒட்டகச்சிவிங்கி மாதிரி நிற்கிறது. "என்ன இது, கால்?" என்றேன். "இரண்டு அங்குலம் ஏத்திட்டேன். பெரிய ஸ்ப்ரிங்கு, நல்ல சரக்கு" என்றான். நான் இறக்கத்தானே சொன்னேன் என்றேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சொன்னீங்க மிஸஸ் குவில்ட்டி. டெஸ் போனதுலேருந்து பாவம் உங்களுக்கு மேல எது கீழ எதுன்னு குழம்புதுன்னு நெனச்சேன். இருபது வருஷமா பட்டறை வச்சிருக்கேன், இந்த ஊர்ல ஒருத்தர்கூட யூட்டை இறக்கச் சொன்னதில்ல. எல்லாரும் ஏத்தத்தான் வருவாங்க. கூலி வேணாம். டெஸ்ஸுக்காகச் செஞ்சது." கண் கலங்கி வேறு நின்றான். எனக்கு மேலும் கீழும் குழம்புகிறதாம். இலக்கணத்தில் மறைமாவட்டப் பதக்கம் வாங்கியவள் நான். ஆனால் டெஸ் பெயரைச் சொல்லி அழுகிற ஆளை எப்படித் திட்டுவது? தேநீர் கொடுத்து அனுப்பினேன். அதைக் குடித்துவிட்டு, ஏதோ யூட் திருவிழாவுக்கென்று கருவிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு நியூ சவுத் வேல்ஸுக்குப் போய்விட்டான். பட்டறைக்குப் பூட்டு.

மறுநாள் காலையில் மடத்து முற்றத்தில் மாதாவை ஏற்றிக் கட்டினோம். வண்டி வளைவுக்கு முன்னால் வந்து நின்றது. அது சத்தமில்லாமல் வந்ததால் பாடகர் குழுவுக்கு வந்ததே தெரியவில்லை, முதல் பாட்டு பாதியில் தொடங்கியது, அது தனிக் கதை. கிரீடம் வளைவின் கீழ் விளிம்பைவிட இரண்டு அங்குலம் மேலே. பங்குக் குருவானவர் ஃபாதர் ஒபின்னா, நைஜீரியாக்காரர், எதற்கும் சிரிக்கிற மனிதர், அண்ணாந்து பார்த்துவிட்டு, "அம்மா, மாதா விண்ணேற்படையத் தயாரா இருக்காங்க போல" என்றார். கோரல் பூசணி ஸ்கோன் ரொட்டிக் கூடையோடு முன்னால் வந்தாள். "என்ன வின்னி, சிக்கிக்கிச்சா? எம்பையன் வண்டி வெளியிலதான் நிக்குது. கொஞ்சம் புகை விடும், ஆனா வாசல்ல நுழையும்" என்றாள். என்னை யாரும் வின்னி என்று கூப்பிடக் கூடாது என்று அவளுக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்தே தெரியும். "வேணும்னா கிரீடத்தைக் கழட்டிக்கலாமே" என்று வேறு சொன்னாள். விண்ணக அரசியின் கிரீடத்தைக் கழட்டி மடியில் வைத்துக்கொண்டு போவதா? "உன் தொப்பிய மொதல்ல கழட்டு" என்றேன். அது தவறுதான், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு டெஸ் கோதுமை மூட்டை ஏற்றும் காட்சி நினைவுக்கு வந்தது. மூட்டை ஏற ஏற வண்டியின் பின்பக்கம் கோழி அடைக்கு உட்காருவதுபோல் தணியும். பவனி நாளில் கோதுமை மூட்டைக்கு எங்கே போவது? ஆனால் ஜெபமாலை சபைப் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். "எல்லாரும் ஏறுங்க" என்றேன். முக்காலி வந்தது. பூப்போட்ட உடுப்பும் கையுறையுமாக ஏழு பேர் ஏறி மாதாவைச் சுற்றி அப்போஸ்தலர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். வண்டி தணிந்தது. ஃபாதர் ஒபின்னா ஏணி மேல் நின்று பார்த்து, "இன்னும் ஒரு விரல், அம்மா" என்றார். எல்லோருடைய கண்ணும் மெல்லக் கோரல் பக்கம் திரும்பியது. கோரல் நல்ல ஆகிருதி உடையவள், உனக்கு நினைவிருக்கும். அவள் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னை எதுக்கு எல்லாரும் பாக்குறீங்க?" என்றாள். நான்தான் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் டீசல். "கோரல், தயவுசெஞ்சு ஏறு" என்றேன். அவள் காதருகே கையை வைத்துக்கொண்டு, "என்ன வின்னி, கேக்கல. வண்டிக்குத்தான் சத்தம் கெடையாதுன்னு நெனச்சேன், உனக்குமா?" என்றாள். முற்றம் முழுக்கக் கேட்கும்படி மறுபடி சொன்னேன். ஃபின்டன், எனக்கு ஞானஸ்நானம் ஆன நாளிலிருந்து நான் அந்தக் குடும்பத்தில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

ஏறினாள். ஸ்ப்ரிங் ஒரு பெருமூச்சு விட்டது. கிரீடம் தணிந்தது. "யாரும் மூச்ச வெளிய விடாதீங்க, உள்ளயே வச்சிருங்க, அதுவும் கனந்தான்" என்று கோரலே சொன்னாள். நான் ஆமை வேகத்தில் ஓட்டினேன். கல்லுக்கும் கிரீடத்துக்கும் நடுவே ஒரு ஜெபமாலை மணி அளவுதான் இருந்தது என்று ஃபாதர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார். வெளியே வந்ததும் எல்லோரும் இறங்கியிருக்கலாம். திரும்பி வருவதும் அதே வாசல் வழிதான் என்பதால் யாரும் இறங்கவில்லை. தபால் நிலையம் தாண்டி, தண்ணீர்த் தொட்டி தாண்டி, ஊரைச் சுற்றி முழுப் பவனியும் கோரல் மாதாவின் வலப்பக்கம் அமர்ந்து இரண்டு புறமும் கையசைத்துக்கொண்டே வந்தாள். சிலர் அவளைப் பார்த்தும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். பரவாயில்லை. மாதா போனது குவில்ட்டி வண்டியில்.

இப்போது உதவி. அடுத்த வருஷமும் கோரலிடம் கெஞ்ச என்னால் முடியாது. கால் புரோஃபிக்கு நீதான் ஞானஸ்நானம் கொடுத்தாய். நான் சொன்னால் துக்கத்தில் உளறுகிறேன் என்று இன்னும் இரண்டு அங்குலம் ஏற்றிவிடுவான். ஆகவே நீ உன் மான்சிஞ்ஞோர் தாளில், முத்திரையோடு, வண்டியை இறக்கும்படி அவனுக்கு ஒரு கண்டிப்பான கடிதம் எழுத வேண்டும். எனக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்றும் ஒரு வரி சேர்.

ஆசீர் வழங்குவது உன் வேலைதான் என்றாலும், உனக்குச் செருப்புவார் கட்டிவிட்டவள் என்ற உரிமையில் என் ஆசீரையும் வைத்துக்கொள். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே.

உன் அன்பு அக்கா,
வினிஃப்ரெட் குவில்ட்டி

பி.கு.: வெள்ளிக்கிழமை. தபால்தலை வாங்கப் போவதற்குள் ஒரு புயல் மழை. ஓடைப் பாதை அரித்து நடுவில் மண்மேடாகிவிட்டது. அதன்மேல் ஹான்ரஹன் டீசல் வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது, நாலு சக்கரமும் சும்மா சுற்றுகின்றன. உள்ளே கோரல். நான் அந்த மேட்டைத் தொடாமலே மேலாகக் கடந்து போய் நிறுத்தி, முக்காலியை இறக்கிக் கொடுத்தேன். "தயவுசெஞ்சு என்னையும் கூட்டிட்டுப் போ, வினிஃப்ரெட்" என்றாள். முழுப் பெயர். எனக்குக் காது நன்றாகவே கேட்டது. ஆனாலும் இரண்டு தடவை சொல்ல வைத்தேன். வரும் வழியில், வண்டி இருக்கும் உயரத்துக்கு, குருவானவர் இல்லத்து வேலிக்கு மேலாக எல்லாம் தெரிந்தது. ஃபாதர் ஒபின்னா அரைக்கால் சட்டையில், துணி காயப்போட்டுக்கொண்டே ஆடிக்கொண்டிருந்தார். கோரல் இன்னொரு தடவை அந்த வழியாகப் போகச் சொன்னாள். போனோம். ஸ்கோன் சாப்பிட்டோம், உப்பு சரியாக இருந்தது.

ஆகவே கால் புரோஃபிக்கு எழுதாதே. திங்கட்கிழமை அவன் வந்து இன்னும் ஓர் அங்குலம் ஏற்றுகிறான். நீ ஆயருக்கு எழுது. மடத்து வாசல் வளைவை ஓர் அடி உயர்த்த வேண்டும். கோரலும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். உயர்த்த வேண்டும் என்பதைத் தெளிவாக எழுது, ஃபின்டன். இந்த மறைமாவட்டத்தில் சொன்னதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத் தொப்பியைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வி. கு.
கோரல் ஹான்ரஹன்