தலையணைக்குப் போன மனிதர்

"காமிரா படம் புடிக்குது, சரி. நீ எதுக்கு மூச்சைப் புடிக்கிற?"

கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் கேட்ட கேள்வி இது. பட்டனை அமுக்குவதற்கு அப்பாலும் இதில் ஏதோ இருக்கிறது என்று போட்டோக்காரிக்குத் தெரியும். எடுத்துச் சொல்லத்தான் வாய் வராது. சரி, ஒருநாள் காட்டிவிடுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

காட்டுவதற்கு அவளிடம் இருந்தது ஒரே ஒரு படம்.

மற்றபடி ஸ்டூடியோவின் பிழைப்பு பாஸ்போர்ட் சைஸ்தான். 'முகத்தை நிமித்துங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க' என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போகும். ஆனால் கடை வாசலில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தப் படம் இருந்தது. ஒரு கல்யாண மண்டபம். விருந்தாளிகள் எல்லாரும் போய்விட்டார்கள். மணப்பெண்ணின் அப்பா காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருக்கிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. மடியில் மகளின் சிவப்புக் கைப்பை. தூக்கத்திலும் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

அந்தப் படத்தின் முன்னால் ஆட்கள் நிற்பார்கள். ஒருமுறை பெண்ணைப் பெற்ற ஒருவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார். மாமியாரே ஒருநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது பரவால்ல" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மருமகள் ஒரு வாரம் பசியில்லாமல் இருந்தாள்.

அந்தப் படம்தான் இப்போது இணையத்தில் விற்பனைக்கு வந்திருந்தது.

சேதி சொன்னது நாத்தனார்.

"அண்ணி, ஹால்ல மாட்ட ஒரு படம் தேடிக்கிட்டிருந்தேன். உங்க கைப்பைக்காரர் நெட்ல நிக்கறாரே! சுவர்ல மாட்ட ஒரு விலை, காபி கப்புல ஒரு விலை, தலையணையில ஒரு விலை."

"என்னது? யாரு விக்கறா?"

"'நிழல்'னு ஏதோ பேரு போட்டிருக்கு. நீங்கதான் விக்கறீங்களோன்னு நெனச்சேன். சொந்தக்காரிக்குக் கொஞ்சம் கொறைச்சுப் போடுவீங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

போட்டோக்காரி உடனே அந்தத் தளத்தைத் திறந்தாள். படம் தபால்தலை அளவுக்குத்தான் தெரிந்தது; பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் பின்னந்தலையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதே நாற்காலிகள், அதே சிவப்புக் கைப்பை. சந்தேகமே இல்லை.

தளத்துக்குப் புகார் எழுதினாள். ஒரிஜினல் ஃபைலை அனுப்பினால் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

ஒரிஜினலுக்கு எங்கே போவது? போன வருஷம் அவளுடைய ஹார்ட் டிஸ்க் திடீரென்று மண்டையைப் போட்டுவிட்டது. பழைய கல்யாணங்கள் அத்தனையும் அதோடு போயின. ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக் கெஞ்சினாள். அந்த மணப்பெண் மட்டும், "கவலப்படாதீங்கக்கா, கல்யாணப் படம் என்கிட்ட என்னென்ன இருக்கோ மொத்தத்தையும் அனுப்பிடறேன்" என்று சொல்லி, சொன்னபடியே அனுப்பினாள். அந்த மூட்டையைப் பிரித்தபோதுதான் கைப்பைக்காரர் கிடைத்தார். பார்த்தவுடனே போட்டோக்காரிக்கு அந்த நொடி அப்படியே நினைவுக்கு வந்துவிட்டது. பெரியவரின் குறட்டைகூடக் காதில் கேட்டது. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியது அதற்குப் பிறகுதான்.

இருந்த அந்தப் பிரதியையே தளத்துக்கு அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது.

"நீங்கள் அனுப்பியது விற்பனையாளரின் படத்திலிருந்து எடுத்த சிறிய நகல் போலத் தெரிகிறது. பிறர் படத்தைத் திருடுவது குற்றம். விசாரணை முடியும்வரை எங்களிடமுள்ள உங்கள் ஸ்டூடியோவின் பக்கம் மூடப்படுகிறது."

"பாருங்க இந்த நியாயத்தை! வீட்டுக்காரனையே திருடன்னு கட்டிவெச்சுட்டானுங்க" என்று கணவனிடம் குதித்தாள்.

கணவன் அலுவலகத்தில் கோப்பு பார்த்துப் பழகியவன். எதையும் எழுத்தில் போட்டால் தீரும் என்று நம்புகிறவன். "கத்தாத. அந்தத் தலையணைக்குக் கீழ விமர்சனம் எழுத எடம் இருக்கு. 'இது திருட்டுப் படம், யாரும் வாங்காதீங்க'ன்னு நாலு வரி போட்டுடறேன்."

போட்டான். ஆனால் வாங்கியவர்கள் மட்டும்தான் விமர்சனம் எழுத முடியும் என்பதால், முதலில் ஒரு தலையணையை வாங்கினான். அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது; பெரியவரின் முகமும் கைப்பையும் மட்டும்தான் அதில் இருந்தன. இருக்கிற தலையணை தட்டையாகிவிட்டது என்று மாமியார் அதை எடுத்துக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"யாருடி இந்த ஆளு? ஊர் பேர் தெரியாத ஆம்பள மூஞ்சி மேல நான் எப்படிப் படுக்கறது?"

"உங்களுக்குப் புடிச்ச படம்தான் அத்தை, நம்ம கைப்பைக்காரர்."

"வாசல்ல இருந்தா புடிக்கும். கட்டில்ல எதுக்கு?"

கணவனின் விமர்சனத்துக்கு அருகில் 'பொருளை வாங்கியவர்' என்று பச்சை நிறத்தில் முத்திரை விழுந்தது. அதைக் கண்டு மேலும் நாலு பேர் தலையணை வாங்கினார்கள்.

அடுத்து அவள் போட்டோக்காரர்கள் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டு, 'திருடனை அம்பலப்படுத்துங்கள்' என்று எழுதினாள். சங்கத்துக்கு ரத்தம் கொதித்தது. எல்லாரும் பகிர்ந்தார்கள். அவர்களுடைய மச்சான்கள், மாமாக்கள், கூடப் படித்தவர்கள் எல்லாரும் பகிர்ந்தார்கள். திருடனை யாரும் கண்டுபிடிக்கவில்லை. 'அதிகம் பேர் தேடும் படம்' என்று தளம் அதை முதல் பக்கத்தில் தூக்கி வைத்து, விலையையும் ஏற்றியது.

மணப்பெண் அழாத குறையாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க மாமனார் அந்தக் கப்பை வாங்கி அதுலதான் காபி குடிக்கறார். எங்கப்பா வந்தப்போ பாத்துட்டார். 'சம்பந்தி என்னை தினம் ரெண்டு வேளை வாயில வெக்கறாரே'ன்னு கோச்சுக்கிட்டுச் சாப்பிடாமப் போயிட்டார்க்கா."

இனி ஒரு படமும் களவு போகக்கூடாது என்று அன்றே முடிவெடுத்தாள் போட்டோக்காரி. கடையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு படத்தின் மீதும் ஸ்டூடியோவின் பெயர் குறுக்கே ஓடுகிற மாதிரி கணினியில் ஏற்பாடு செய்தாள். பாஸ்போர்ட் படத்தை அதிலிருந்து விலக்கி வைக்க மறந்துவிட்டாள். இரண்டாம் நாள் ஒரு வாடிக்கையாளர் தன் படத்தை மேசையில் விசிறினார்.

"அம்மா, மீசை எங்க முடியுது, உங்க கடை பேரு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. ஆபீஸ்ல என்னை விளம்பரப் பலகையான்னு கேக்கறாங்க!"

அவருக்கு மறுபடி எடுத்துக் கொடுத்தாள். அவருக்குப் பின்னால் பதினோரு மீசைகள் வரிசையில் நின்றன.

அந்தக் களேபரத்தின் நடுவில்தான் சங்கத் தலைவரின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, ஆள் அகப்பட்டுட்டான். நம்ம அம்பது பேர் புகார் தாங்காம தளத்துக்காரன் பேரைக் கக்கிட்டான். யாருன்னு நெனைக்கிற? நம்ம ட்ரைபாட்!"

ட்ரைபாட், அதாவது காமிரா நிறுத்தும் முக்காலி, என்பது சங்கம் வைத்த பெயர். ஆள் ஒல்லி, உயரம், வைத்த இடத்தில் அப்படியே நிற்பார். யார் வம்புக்கும் போகாதவர்.

"அவரா? அந்தக் கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்கு அவர்தானே எடுத்தாரு! நான் பொண்ணு வீட்டுக்கு."

"அப்ப கேக்கவே வேணாம். கூடவே நின்னு குழி பறிச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை கூட்டம் போடறேன். நீ ஆதாரத்தோட வா."

ஆதாரத்துக்காக அந்தத் தளத்தில் இருப்பதிலேயே பெரிய அளவுப் படம் ஒன்றுக்குப் பணம் கட்டினாள். தன் படத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சபையில் காட்டிவிட வேண்டும். முகவரியைச் சங்கத்து அறைக்கே கொடுத்தாள்.

சங்கத்து அறை ஒரு மின்சாமான் கடையின் மாடியில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடினால் சத்தம் மட்டும் தருகிற ஒரு மின்விசிறி. அன்றைக்கு நிற்க இடமில்லை. வராதே என்று சொல்லியும் மாமியார் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். "சாட்சி வேணும்ல?"

ட்ரைபாட் தேய்த்த சட்டையில் வந்தார். பேர் வெளியே தெரிந்த நாளிலிருந்து இரண்டு மண்டபக்காரர்கள் கொடுத்திருந்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள் என்று யாரோ பின்னால் கிசுகிசுத்தார்கள். அவர் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. போட்டோக்காரிக்கு ஒரு நொடி மனசு என்னவோ செய்தது. கடை வாசல் படத்தை நினைத்ததும் அது போய்விட்டது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சொல்லும்மா."

மேடையேறிப் பழக்கமில்லாதவள்தான். ஆனால் வயிற்றெரிச்சல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தது.

"கலர் மாறிப்போச்சுன்னு திட்டு வாங்கியிருக்கேன். மூக்கு பெருசாயிடுச்சுன்னு திட்டு வாங்கியிருக்கேன். நான் நல்லா எடுப்பேன்னு சொல்ல எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு படம். எங்க அத்தையே பரவால்லன்னு சொன்ன படம்."

"சொன்னேன், சொன்னேன்" என்றார் மாமியார், தலையணையைத் தூக்கிக் காட்டி.

"அதைப் போய் எடுத்துட்டாரே! சாப்பாட்டைத் திருடினா பசின்னு விட்டுடலாம். இது என் கண்ணு. என் கண்ணைத் திருடி கப்புல ஒட்டி வித்தா நான் எதை வெச்சுப் பாக்கறது?"

யாரோ ஒருவர் "சபாஷ்" என்றார்.

ட்ரைபாட் மெல்ல எழுந்தார். "நான் என்ன சொல்ல வரேன்னா..."

"உக்காருய்யா!" என்று நாலாபுறமும் குரல்.

"உங்க முறை வரும்" என்றார் தலைவர். "ஆதாரத்தைப் பாத்துட்டுத்தான் எதுவும். நிரூபணம் ஆச்சுன்னா இன்னியோட சங்கத்துல பேரை அடிச்சுடுவோம். அப்புறம் எந்த மண்டபமும் இவரை உள்ள விடாது. சம்மதமா?"

"சம்மதம்!" என்றது சபை. போட்டோக்காரியும் சொன்னாள்.

சரியாக அந்த நேரத்தில், நீளமான அட்டைக் குழாய் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு பார்சல் கொடுக்கும் பெண் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"இங்க யாருங்க ஸ்டூடியோக்கார அக்கா? பிரிச்சுப் பாத்து, கிழிசல் ஏதும் இல்லன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க. எனக்கு இன்னும் நாலு தெரு இருக்கு."

குழாயிலிருந்து படத்தை உருவினார்கள். ஒரு முனையைத் தலைவர் பிடித்தார், மறுமுனையைக் கணவன் பிடித்தான். ஆளுயரத்துக்குக் கைப்பைக்காரர் விரிந்தார். போட்டோக்காரி கடை வாசலிலிருந்து கழற்றி வந்த சட்டத்தை அதன் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். அதே வாய், அதே கைப்பை, அதே நாற்காலிகள். சபை உச்சுக்கொட்டியது.

"அச்சு அசல்!" என்றார் தலைவர். "இதுக்கு மேல என்னய்யா வேணும்?"

"அது மட்டுமில்லண்ணா, இதைப் பாருங்க" என்று கொதித்தாள் போட்டோக்காரி. "என் படத்துல பெரியவரோட நாற்காலியோட முடிஞ்சிடும். இவரு பக்கவாட்டுல ஒரு முழம் கூட்டி ஒட்டியிருக்காரு! திருடினது பத்தாதுன்னு ஒட்டு வேலை வேற!"

கையெழுத்துக்காகக் காத்திருந்த பார்சல் பெண் அந்த ஒரு முழத்தைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து போட்டோக்காரியைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நீங்களும் நல்லா விழுந்திருக்கீங்கக்கா! இந்த ஓரத்துல மண்டி போட்டு, பெரியவரைப் படம் எடுத்துக்கிட்டு... இது நீங்கதானே?"

ட்ரைபாட் எழுந்தார். தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.