சாம்பிராணிக்கு வந்த கூட்டம்

என் மூக்கை நம்பி நான் செய்த எந்தக் காரியமும் உருப்பட்டதில்லை. முத்தையாபுரத்தில் வீடு பிடித்த கதையே அதற்குச் சாட்சி. வீட்டைப் பார்க்கப் போன அன்று எனக்குக் கடுமையான ஜலதோஷம். நல்ல வெளிச்சம், துறைமுகத்துக்கும் பக்கம் என்று அப்போதே சாவியை வாங்கிவிட்டேன். நாலாம் நாள் மூக்கு திறந்தது. வீட்டுக்குப் பின்னால் சங்கு குவித்து வைக்கும் கிட்டங்கி இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

(கடலிலிருந்து எடுத்த சங்கை அப்படியே விற்க முடியாது. உள்ளே இருக்கும் சதை அழுகிக் கழன்று விழும்வரை குவித்துப் போட்டிருப்பார்கள். அது எப்படி நாறும் என்று விவரமாக எழுதினால் நீங்கள் இந்தப் பக்கத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.)

கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குக் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் கிளார்க் வேலை. மனைவி வேதவல்லி ஆழ்வார்திருநகரியில், துளசியும் பச்சைக் கற்பூரமும் மணக்கும் தெருவில் வளர்ந்தவள். வந்தாள், வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்தாள், நேரே வேலியோரம் போய் வாந்தி எடுத்தாள். கூட வந்த மாமனார் ஓய்வுபெற்ற வாத்தியார். "இந்த வாடை போனதும் ஒரு கார்டு போடுங்க மாப்ள, நானே கொண்டாந்து விடுதேன்" என்று சொல்லி மகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எட்டு மாதம் அந்த வீட்டில் தனியாக இருந்தேன். எல்லா ஜன்னலையும் சாத்தி, இடுக்குகளில் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தேன். அப்படியும் நாற்றம் வந்தது. வேறு யாரும் வரவில்லை. சாயங்காலம் சமைத்து, ஒரு தட்டில் சாப்பிட்டு, அதைப் பின்வாசலில் கழுவிக் கவிழ்ப்பேன். சனிக்கிழமை ஆபீஸில் மூடிய வாயைத் திங்கட்கிழமை ஆபீஸில்தான் திறப்பேன். தெருவில் எனக்குப் பெயர்கூடக் கிடையாது. 'ஆபீஸ் சார்', அவ்வளவுதான். வேதவல்லி வராவிட்டால் இப்படியே கிழவனாகிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

வாடையை விரட்ட நான் செய்யாத வித்தையில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்து மூலைக்கு மூலை வைத்தேன். வெட்டிவேரை நனைத்துத் தொங்கவிட்டேன். வேப்பிலைப் புகை போட்டேன், கொசு போனது. காப்பிக்கொட்டையை வறுத்தேன். கடைசியில் கப்பல்காரர் ஒருவர் கொடுத்த வெளிநாட்டு ஸ்பிரேயை வீடு முழுக்க அடித்தேன். சங்கு நாற்றம் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றது. இதைப் பெருமையாகக் கடிதத்தில் வேறு எழுதினேன். "மருந்து வாசனை எனக்குத் தலைவலி. வீடு வீடாக மணந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன் வருகிறேன். அன்றைக்கும் வாடை இருந்தால் இனிமேல் கூப்பிட வேண்டாம்" என்று பதில் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் முக்குக் கடைக்கு ஓடினேன். "அண்ணாச்சி, சாம்பிராணி அரைக் கிலோ, பத்தி பத்துக் கட்டு, பன்னீர் நாலு பாட்டில். மரிக்கொழுந்து மாலை பெருசா ரெண்டு எங்க கெடைக்கும்?"

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். "வீட்டுல யாருக்கு சார்?"

"சம்சாரத்துக்குத்தான்."

"ஐயையோ. எங்க வச்சு?"

"ஆழ்வார்திருநகரியில, அவ அப்பா வீட்டுல." (எதற்கு 'ஐயையோ' என்று கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு அவசரம்.)

"இங்கன கொண்டாராங்களா?"

"ஆமா, மாமனாரே கொண்டாந்து விடுதாரு."

"எத்தன மணிக்கு எடுக்காங்க?"

பஸ்ஸைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "காலம்பற எட்டு மணிக்கு எடுத்துருவாங்க. பத்து மணிக்கு இங்கன."

அண்ணாச்சி கடையை விட்டு இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எட்டு மாதத்தில் என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கிருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அதோடு போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தேன். பத்தியைக் கட்டுக் கட்டாக வாழைப்பழத்தில் செருகினேன். பன்னீரைத் தெளித்தேன். நிலைப்படியில் மாலையைத் தொங்கவிட்டேன். நெருப்புச் சட்டியில் அரைக் கிலோ சாம்பிராணியையும் ஒரே தடவையாகக் கொட்டினேன். ஜன்னல்தான் சாத்தியிருக்கிறதே, புகை எங்கே போகும்? கண்ணும் மூக்கும் ஒழுக, இருமிக்கொண்டே கதவைத் திறந்தேன்.

வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. தெரு முழுக்க என் வீட்டு முன்னால் இருந்தது. ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் பெண்டாட்டியை வரவேற்க இத்தனை பேரா! "எல்லாரும் வந்துட்டீங்களே" என்று தழுதழுத்தேன்.

"மனசைத் தேத்திக்கிடுங்க சார்" என்று அண்ணாச்சி தோளில் சாய்த்துக்கொண்டார். (சந்தோஷத்தை எதற்குத் தேற்ற வேண்டும் என்று அப்போதாவது யோசித்திருக்கலாம்.)

பக்கத்து வீட்டுச் செல்லக்கனி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்:

"ஒத்தத் தட்டு கழுவுத மனுசன
ஒத்தையில விட்டுப் போனியே தாயீ...
பஸ்சு வாற நேரமெல்லாம்
பாதையப் பாத்து நின்னாரே தாயீ..."

இது ஒப்பாரி என்று புரிவதற்கு முன்னால் எனக்கு வேறொன்று புரிந்தது. எட்டு மாதமாக நான் தட்டுக் கழுவுவதை ஒருத்தி பார்த்திருக்கிறாள். என்னால் நிஜமாகவே அழுகையை அடக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, கிட்டங்கி ஆள் ஒருவன் சரக்கிலேயே நல்ல சங்காக ஒன்றை எடுத்து வந்து ஊத ஆரம்பித்தான்.

பஸ்ஸைவிட்டு இறங்கிய வேதவல்லிக்குச் சங்குச் சத்தமும் சாம்பிராணியும் தெருமுனையிலேயே எட்டிவிட்டன. செத்தது நான்தான் என்று நினைத்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு அலறியபடி ஓடி வந்தாள். பின்னால் மாமனார் குடையோடு ஓடி வந்தார். நான் உயிரோடு மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

"நீ யாரு தாயி?" என்றார் அண்ணாச்சி.

"நான் இவுக சம்சாரம்."

சங்கு பாதி மூச்சில் நின்றது. செல்லக்கனி வாயைத் திறந்தபடியே வேதவல்லியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "அப்பம் எட்டு மணிக்கு எதை எடுக்காங்கன்னீங்க?" என்றார் அண்ணாச்சி பரிதாபமாக.

"பஸ்ஸ..." என்றேன்.

மாமனார் அபசகுனம் என்று கொதித்தார். அடுத்த பஸ்ஸுக்கே மகளைக் கூட்டிப்போவதாகக் குதித்தார். வேதவல்லி புகைக்குள் போனாள். அடுக்களையில் கொஞ்ச நேரம் நின்றாள். ஓடி வரும்போதே செல்லக்கனியின் ஒப்பாரி அவள் காதில் விழுந்திருந்தது.

"நெசமாவே ஒத்தத் தட்டுதான் இருக்கு" என்றாள் வெளியே வந்து. "நீங்க போயிட்டு வாங்கப்பா."

பிறகு இடுக்கிலிருந்த செய்தித்தாளைப் பிடுங்கி எறிந்து எல்லா ஜன்னலையும் திறந்தாள். சாம்பிராணிப் புகை வெளியே போனது, சங்கு நாற்றம் உள்ளே வந்தது. கூடவே ஜன்னல் வழியாகச் செல்லக்கனி ஒரு சொம்பு மோரை நீட்டினாள். அந்த வீட்டில் பதினோரு வருஷம் இருந்தோம். நாற்றம் கடைசிவரை போகவில்லை; வேதவல்லி அதைப் பற்றி மறுபடி பேசவுமில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யார் சாம்பிராணி போட்டாலும் அவள் தராசைக் கீழே வைப்பதுபோலப் பாவனை செய்து, "எத்தன மணிக்கு எடுக்காங்க?" என்பாள். "எட்டு மணிக்கு எடுத்துருவாங்க, பத்து மணிக்கு இங்கன" என்று பிள்ளைகள் சேர்ந்து கத்துவார்கள். மருமகன் வந்த முதல் நாளே அவருக்கும் இந்தப் பாடம் நடந்தது.

வேதவல்லி போய் இரண்டு வருஷமாகிறது. அன்றைக்கு வீடு முழுக்க அதே சாம்பிராணி, அதே பத்தி, அதே பன்னீர். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் குனிந்து என் காதருகே மெதுவாகக் கேட்டார்: "எத்தன மணிக்கு எடுக்கீங்க?"

"எட்டு மணிக்கு எடுத்துருவாங்க, பத்து மணிக்கு இங்கன" என்று என் வாயில் தானாக வந்துவிட்டது. மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கேட்டவர் பயந்துபோய், "மனசைத் தேத்திக்கிடுங்க" என்று என் தோளைத் தட்டினார்.

பத்து மணிக்கு எழுந்து வாசல்வரை போய், பஸ் வரும் பாதையை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.