நான்கு வரிக்கு நாற்பது பக்கம்

கனடாவின் வடக்கே ஒரு மாகாணத்தில் மீன்பிடி அனுமதித் துறை என்று ஒன்று உண்டு. மாகாணத்தின் பெயர் வேண்டாம், வம்பு. அங்கே நூறு வருஷமாகக் கொடுத்த நான்கு கோடி அனுமதிச்சீட்டுகள், சீட்டுக்கு நான்கு வரி, ஒவ்வொன்றுக்கும் மூன்று சர்வர்களில் மூன்று நகல். ஒரு சர்வர் சென்ற திங்கட்கிழமை சிவலோகப் பதவி அடைந்தது. இரண்டாவது இருமத் தொடங்கியிருந்தது. அதுவும் போய் மூன்றாவதும் மண்டையைப் போட்டால், மாகாணத்தில் சட்டப்படி மீன் பிடித்தவன் ஒருவனும் இல்லை என்றாகிவிடும். ஒடெட் இயக்குநர் அறைக்கு ஓடினாள். சர்வர்களுக்குப் பொறுப்பு அவள்தான்.

"புது சர்வருக்கு நகல் எடுக்க எத்தனை நாள்?" என்றார் இயக்குநர் பிரீசன், டோனட்டைக் கடித்தபடி.

"பத்தொன்பது நாள் சார். சீட்டு என்னவோ தம்மாத்தூண்டு. ஆனா ஒவ்வொண்ணும் கதவைத் தட்டி, பேரைச் சொல்லி, கையெழுத்துப் போட்டுத்தான் உள்ள போகுது. பத்தாயிரத்தை ஒரே மூட்டையா கட்டினா ஒரே தட்டு. மூணு நாள்ல முடிச்சிடலாம்."

"மூட்டையா? ஒவ்வொரு குடிமகனையும் தனித்தனியா மதிக்கிறதுதான் இந்த வருஷக் கொள்கை, ஒடெட்!"

ஆகவே டொராண்டோவிலிருந்து ஓர் ஆலோசகர் தருவிக்கப்பட்டார். பெரிய ஃபைல்கள் வேகமாகப் போகின்றன என்று அவர் ஆய்ந்து கண்டறிந்தார். அப்படியானால் சிறிய ஃபைல்களைப் பெரிதாக்குவதே முறை. ஒவ்வொரு சீட்டோடும் துறையின் தொலைநோக்கு அறிக்கை இரண்டு மொழிகளிலும், இயக்குநர் மீன் பிடித்து நிற்கும் வண்ணப்படமும் சேர்த்து நாற்பது பக்கம் ஒட்டப்பட்டது.

"நொடிக்கு நொடி வேகம் எகிறுது பாத்தீங்களா?" என்று பிரீசன் வரைபடத்தைக் காட்டிப் பூரித்தார்.

"எகிறுது சார். ஆனா சுமை அதைவிட எகிறிடுச்சு. பத்தொன்பது நாள் இப்ப நூத்திநாலு நாள்."

"வேகம் கூடிச்சா, இல்லையா?"

"கூடிச்சு."

"அப்புறம் என்னம்மா குறை?"

மறுநாள் இரண்டாவது சர்வரும் படுத்துவிட்டது. ஒடெட் அழவில்லை, தன் பழைய யோசனையின் தலைப்பை மட்டும் மாற்றினாள். 'மூட்டை' இருந்த இடத்தில் 'குடிமக்கள் ஒற்றுமைத் தொகுப்பு' என்று எழுதிப் பிரீசனிடம் நீட்டினாள். ஐந்து நிமிடத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. நாற்பது பக்கத்தையும் சத்தமில்லாமல் கழற்றிவிட்டுக் கட்டினாள். மூன்றே நாளில் எல்லாச் சீட்டும் பிழைத்தது. ஒடெட் வீட்டுக்குப் போய்ப் பதினான்கு மணி நேரம் தூங்கினாள்.

விருது பிரீசனுக்குக் கிடைத்தது. அந்த உற்சாகத்தில் ஒற்றுமைத் தொகுப்பை அவர் அலுவலக வாசலுக்கும் நீட்டித்தார்: இனிப் பத்தாயிரம் பேர் சேர்ந்தால்தான் கவுண்டர் திறக்கும்.

உறைபனியில் மக்கள் முணுமுணுக்காமல் வரிசையில் நின்றார்கள். ஒடெட்டும் தன் சீட்டைப் புதுப்பிக்க வந்து நின்றாள்.

"எத்தனை பேர் ஆச்சு?" என்றாள் முன்னால் நின்றவரிடம்.

"இருநூத்திப் பன்னெண்டு. முன்னைக்கு இப்ப எவ்வளவோ ஒழுங்கும்மா! யாரோ கெட்டிக்காரங்க யோசனையாம்."

அந்த ஊரின் மொத்த ஜனத்தொகை எட்டாயிரம்.