படப்பைத் தொட்டியில் ஒரு சமுத்திரம்

கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கிழக்கே என்பீர்கள். தவறு. சென்ற ஆனி மாதம் முழுவதும் அது தாம்பரம் தாண்டிப் படப்பையில், வாடகைக்கு அறை விடும் தாண்டவராயன் வீட்டு முன்கூடத்தில், ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் இருந்தது. வாசலில் இருநூறு ஜோடி செருப்பு. ஒரகடம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்தவர்கள் அறைக்குப் போகாமல் நேரே அங்கே வந்து இறங்கினார்கள்.

தொட்டிக்குப் பின்னால் முட்டைச் சாமி. கடல் மீன் இந்த வருடம் எந்தத் திசையில் முட்டையிடும் என்று சொல்வதால் அந்தப் பெயர். முட்டையிட மீன் கூடும் இடம் தெரிந்தால் வலை நிறையுமே! தெற்கத்திக் கடற்கரையிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பிள்ளைகள், ஊரில் படகு வைத்திருக்கும் அப்பனுக்கும் தம்பிக்கும் வீடியோ காலில் தொட்டியைக் காட்டுவார்கள். தொட்டி மீன் எந்த மூலையில் கூடுகிறதோ, அந்தத் திசைக்குப் படகு கிளம்பும். காணிக்கை ஒரு நாள் ஓ.டி. சம்பளம்.

தொட்டியில் நீந்தியவை ஏரி ஜிலேபி மீன்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தெரியாதா? தெரிந்தது, கேட்கவும் கேட்டார்கள். சமுத்திர ராஜன் இந்த ரூபத்தில் வந்திருக்கிறான் என்றார் சாமி. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூடத்தில் ஏ.சி. வேறு பதினெட்டில் ஓடியது. வாடகை அறையில் வெந்துகொண்டிருந்தவர்களுக்குப் பக்தி பெருகியதைக் கேட்பானேன்.

மாரிசெல்வி மட்டும் அந்தப் பக்கம் போனதில்லை. கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அளவு சரிபார்ப்பது அவள் வேலை. தூத்துக்குடிப் பக்கம் கரையோரக் கிராமத்தில் இருக்கும் அவள் தம்பி அருள்பாண்டி, அவளுடைய அறைத்தோழி தங்கமாரியின் போன் வழியாகச் சாமி வாக்கு வாங்கிவிட்டான். தென்கிழக்கே, ஆழத்தில். ஞாயிற்றுக்கிழமை மதியமே கிளம்புகிறானாம். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று படகைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகிற சமயம். கடலுக்குப் போகாதீர்கள் என்று வானிலை எச்சரிக்கையும் வந்திருந்தது. போன வாரம் இதே வாக்கை நம்பிப் போன படகு, இரண்டு நாள் தத்தளித்து வெறும் வலையோடு திரும்பியது. வலை தீட்டுப்பட்டது என்று சாமி காரணம் சொன்னார். அவரிடம் காரணத்துக்கா பஞ்சம்?

மாரிசெல்வி கெஞ்சிப் பார்த்தாள். சாமி சொல்லிட்டாருக்கா என்று தம்பி போனை வைத்துவிட்டான். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி.

ஞாயிறு காலை கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் தொட்டி முன் நின்றாள். வீடியோ காலில் தம்பி. மீன்கள் சாமி வாக்குப்படியே தென்கிழக்கு மூலையில் மொய்த்திருந்தன.

"தொட்டியத் திருப்பி வைக்கணும் சாமி," என்றாள்.

தொட்டால் கடல் பொங்கிவிடும் என்றார் சாமி. அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"நம்ம லைன்ல ஒரு பீஸ ஒரு தடவ அளந்துட்டு அனுப்புதோமா? திருப்பிப் போட்டு இன்னொருக்க அளக்கோம்லா? இத மட்டும் ஏன் ஒருத்தரும் திருப்பிப் பாக்கல?"

தலைமுடி அளவு பிசகினால் ஒரு லாட்டையே தள்ளிவைக்கிற கெட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தொட்டி நின்றது சக்கரம் வைத்த கம்பெனி டிராலியில். நாலு பேர் கைகொடுக்க, அரைச் சுற்றுத் திரும்பியது. கடல் பொங்கவில்லை. மீன்கள் கலைந்து அலைந்தன. கால் மணி நேரத்தில் தொட்டியின் அதே மூலையில் போய்க் கூடின. அந்த மூலை இப்போது வடமேற்கே இருந்தது.

"அது மண்ணூர் பக்கமாச்சே," என்றார் தாண்டவராயன்.

போனில் தம்பி கேட்டான்: "அக்கா, மண்ணூருல கடல் கெடக்கா?"

ஆதியில் கிடந்தது என்றார் சாமி, கூசாமல். தாண்டவராயனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அங்க நம்ம மனை ஒண்ணு கீது சாமி. பீச் வியூன்னு போர்டு வச்சிக்கலாமா?"

மாரிசெல்வி தொட்டிக்குள் கையை விட்டாள். மற்ற இடமெல்லாம் ஜில்லென்று இருக்க, அந்த மூலை மட்டும் வெதுவெதுப்பு. கூழாங்கல்லை விலக்கினாள். விரல் நீளத்தில் ஒரு ஹீட்டர். அதன் நீள ஒயர் காவித் துணிக்கடியில் ஓடிச் சாமியின் ஆசனத்துக்குப் பின்னால் பிளக்கில் முடிந்தது. தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு சாமி செய்த பூஜை, ஹீட்டரை வேண்டிய மூலைக்கு மாற்றுவதுதான்.

"மீனு பொய் சொல்லலடா," என்றாள் தம்பியிடம். "குளுருல கெடந்தது சூட்டத் தேடிப் போயிருக்கு. கடல்லயும் தண்ணிச் சூடு, உப்பு, நீரோட்டம், குஞ்சுக்கு இரை எல்லாம் எங்கன தோதா அமையுதோ அங்கனதான் முட்டையிடும். வருசத்துக்கு வருசம் மாறும். அதுக்குப் படப்பையில சுவிச்சு கெடையாது."

"படகக் கரையில ஏத்திருதேங்கா," என்றான் தம்பி. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

இதற்குள் முட்டைச் சாமி புழக்கடை வழியாக இறங்கி, தாம்பரம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார். துரத்திப் பிடிப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? கூட்டம் மாரிசெல்வியைச் சுற்றிக் கைகூப்பி நின்றது. ஒருவன் காலிலேயே விழுந்தான்: "தாயி, எங்க ஊருக்கு எந்தத் திசைன்னு நீங்களே சொல்லிருங்க."

"எந்திரிங்க," என்றாள் எரிச்சலோடு. "எனக்குத் தெரியாது. நான் சொன்னதையும் சோதிச்சுப் பாக்காம நம்பாதீங்க."

அந்த வாக்கையும் பயபக்தியோடு போனில் பதிவு செய்துகொண்டார்கள். அய்யா, இந்த ஊரில் அறையை வாடகைக்கு விடுங்கள், கூடத்தை விடுங்கள், மாட்டுக் கொட்டகையைக்கூட விடுங்கள். மூளையை மட்டும் விடாதீர்கள். வருகிறவன் உள்ளே ஹீட்டர் வைத்துவிடுவான்.